தள்ளிப்போட்ட செலவு: கெர்னல் நினைவக மேலாண்மையில் வேகத்தின் கணக்கு

இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் கணினியின் நினைவகத்தை எப்படி ஆள்கிறது, அந்த ஆளுகையில் வேகம் எங்கிருந்து வருகிறது என்பதே இன்றைய பொருள். பாடநூல்கள் இதை இடத்துக்கும் நேரத்துக்குமான பேரமாகச் சொல்லித்தருகின்றன: கூடுதல் இடம் கொடுத்தால் நேரம் மிச்சம், இடத்தைச் சுருக்கினால் நேரம் செலவு. அது தவறில்லை. ஆனால் அந்தக் கணக்கேட்டில் இரண்டு கலங்கள் விடுபட்டிருக்கின்றன: செலவு எப்போது வருகிறது, யார் தலையில் விழுகிறது. கெர்னல் நமக்குத் தரும் வேகத்தில் பெரும்பகுதி ஒரு வேலையைத் தள்ளிப்போடுவதால் கிடைப்பது என்பது என் வாதம். தள்ளிப்போட்டதில் ஒரு பகுதி செய்யவே தேவையில்லாமல் போய்விடும்; அதுவே ஆதாயம். மிச்சம் ஒருநாள் வந்து நிற்கும். அது வரும்போது, முன்பு ஆதாயம் பெற்ற நிரலிடமே வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆகவே ஒரு நினைவக உத்தி நல்லதா கெட்டதா என்று சொல்வதற்குச் சராசரி வேகத்தை மட்டும் அளப்பது போதாது.

இந்தத் துறையின் அடிப்படைச் சிக்கல் முதல் இயந்திரத்திலேயே முழுதாகத் தெரிந்துவிட்டது. 1962இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழுவினர் இயக்கிவைத்த அட்லஸ் கணினியில், விரைவான காந்த வளைய நினைவகத்தில் 16,384 சொற்களுக்கே இடம். சுழலும் காந்த உருளையில் அதைப்போல ஆறு மடங்கு. அதுவரை எந்தத் துண்டு எப்போது உருளையிலிருந்து உள்ளே வர வேண்டும், எது வெளியே போக வேண்டும் என்பதை நிரல் எழுதுபவரே திட்டமிட்டுக் கைப்பட எழுதவேண்டியிருந்தது. அட்லஸ் அந்தச் சுமையை எடுத்துக்கொண்டது. நினைவகத்தை 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, இரண்டு நினைவகங்களும் ஒன்றே என்பதுபோல நிரலுக்குக் காட்டியது. எந்தப் பக்கத்தை வெளியேற்றுவது என்று தீர்மானிக்க, பக்கங்களின் பழைய பயன்பாட்டைக் கவனித்து அடுத்ததை ஊகிக்கும் ஒரு நிரலையும் அதிலேயே வைத்தார்கள். மனிதர் கைப்படச் செய்வதைவிடத் தானியங்கி மந்தமாகத்தான் இருக்கும் என்ற சந்தேகம் ஏழாண்டு நீடித்தது. 1969இல் ஐபிஎம்மின் டேவிட் சேயர் அளந்து காட்டிய பிறகே அந்த வழக்கு ஓரளவு முடிந்தது. இதற்கிடையில் 1966இல் லாஸ்லோ பெலாடி ஒரு கோட்பாட்டு எல்லையை வரைந்தார். எந்தப் பக்கம் மீண்டும் தேவைப்பட மிக அதிக நேரம் ஆகுமோ அதை வெளியேற்றுவதே மிகச் சிறந்த முறை. அதற்கு எதிர்காலம் தெரிந்திருக்க வேண்டும். எந்தக் கெர்னலுக்கும் அது தெரியாது. அன்றிலிருந்து இன்றுவரை எழுதப்பட்ட பக்க மாற்று நெறிமுறைகள் அனைத்தும், கடந்ததைக் கொண்டு வருவதைக் கணிக்கும் முயற்சிகளே.

கணிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதை 1968இல் பீட்டர் டென்னிங் விளக்கினார். ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் உண்மையாகவே புழங்கும் பக்கங்களின் தொகுதி ஒன்று இருக்கிறது. அந்தத் தொகுதிகள் எல்லாம் சேர்ந்து நினைவகத்தில் அடங்காதபோது, ஒன்றின் பக்கத்தைப் பிடுங்கி மற்றொன்றுக்குக் கொடுப்பதிலேயே இயந்திரம் தன் நேரத்தைக் கழித்துவிடும். இதில் கவனிக்கவேண்டியது வீழ்ச்சியின் வடிவம். சுமை கூடக்கூட வேகம் படிப்படியாகக் குறைவதில்லை. ஓர் எல்லைவரை எல்லாம் சரியாக ஓடி, அதைத் தாண்டியதும் மொத்தமாகச் சரிகிறது. தள்ளிப்போட்ட வேலைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வருவதன் விளைவு அது. நினைவகத்தைப் பற்றிய எந்தச் சராசரியும் இந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாது.

இன்றைய லினக்ஸில் ஒரு நிரல் நினைவகம் கேட்கும்போது நடப்பதைப் பார்ப்போம். ஒரு கிகாபைட் கேட்டால் கெர்னல் உடனே 'எடுத்துக்கொள்' என்று ஒரு முகவரிப் பரப்பைக் கொடுத்துவிடுகிறது. அந்த முகவரிகளுக்குப் பின்னால் ஒரு பைட் கூட மெய்யான நினைவகம் இல்லை. நிரல் முதன்முறையாக ஒரு பக்கத்தைத் தொடும்போதுதான் ப்ராசஸர் தடுமாறிக் கெர்னலை அழைக்கும். அப்போதுதான் ஒரு பக்கம் தேடி எடுக்கப்பட்டு, முந்தைய நிரலின் தடயம் இல்லாமல் சுழியத்தால் நிரப்பப்பட்டு, முகவரிகளைப் பக்கங்களோடு பொருத்தும் அட்டவணையில் பதியப்படும். ஒரு நிரல் தன்னைப் போலவே இன்னொன்றை உருவாக்கும் 'ஃபோர்க்' அழைப்பிலும் இதே தந்திரம்தான்: நினைவகத்தை நகலெடுக்காமல் இருவரும் ஒரே பக்கங்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள், யாராவது ஒருவர் எழுத முனையும்போது அந்த ஒரு பக்கம் மட்டும் நகலெடுக்கப்படும். இந்தச் சோம்பல் அழகான சோம்பல் என்பதில் ஐயமில்லை. கேட்பதில் ஒரு பகுதியைப் பல நிரல்கள் தொடுவதே இல்லை. ஃபோர்க் ஆன பிள்ளை நிரல் பெரும்பாலும் உடனே வேறொரு நிரலாக மாறிவிடுகிறது.

ஆனால் கொடுத்த வாக்குகளின் கூட்டுத்தொகை கையிருப்பைவிட அதிகம். எல்லாரும் ஒரே நாளில் வாக்கை நிறைவேற்றச் சொன்னால்? அதற்காக லினக்ஸ் வைத்திருக்கும் விடை, ஓஓஎம் கில்லர் என்ற பகுதி. நினைவகம் அறவே தீர்ந்துவிட்டால் அது ஒரு நிரலைத் தேர்ந்து கொன்றுவிடும். 2004இல் கெர்னல் உருவாக்குநர்களுக்கிடையே நடந்த விவாதத்தில் ஆண்ட்ரீஸ் பிரவர் இதை நையாண்டி செய்தார்: எரிபொருளைக் குறைவாக ஏற்றினால் லாபம் என்று கண்டுபிடித்த ஒரு விமான நிறுவனம், எரிபொருள் தீரும் அபூர்வமான சமயங்களில் எந்தப் பயணியை வெளியே எறிவது என்பதற்கு நேர்த்தியான நெறிமுறைகளை வகுத்துக்கொண்டே இருக்கிறதாம். சிரிப்புக்குப் பின்னால் இருக்கும் விஷயம் கடுமையானது. தேர்வில் முதன்மை பெறுவது யார் அதிக நினைவகம் வைத்திருக்கிறார் என்பது. கடைசியாகக் கேட்டு நெருக்கடியைத் தூண்டியது ஏதோ ஒரு சிறு காப்புநகல் நிரலாக இருக்கலாம். பலியாவது, நெடுநாளாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளமாக இருக்கலாம். வாக்கு தாராளமாகக் கிடைத்ததால் பயனடைந்தவர் ஒருவர், விலை கொடுத்தவர் வேறொருவர்.

அப்படியானால் கண்டிப்பாக இருந்துவிடலாமே, இருப்பதற்கு மேல் வாக்குக் கொடுக்காமல், என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, விண்டோஸ் அப்படித்தான் நடந்துகொள்கிறது. கொடுத்த ஒவ்வொரு வாக்குக்கும் நினைவகத்திலோ வட்டுக் கோப்பிலோ ஈடு வைத்திருக்கிறது. லினக்ஸிலும் அதற்கு ஓர் அமைப்பு உண்டு: 'ஓவர்கமிட்' என்ற திருகுக்கு 0, 1, 2 என மூன்று நிலைகள், 2 என்றால் கண்டிப்பு, 1 என்றால் கேட்டதெல்லாம் கொடு, 0 என்றால் அப்பட்டமாக மிகையானதை மட்டும் மறு. இந்தத் திருகைப் பற்றி இரண்டு புகழ்பெற்ற தரவுத்தளங்கள் தத்தம் கையேடுகளில் சொல்லும் அறிவுரை நேர்மாறானது. போஸ்ட்கிரெஸ், தன் பணியைக் கெர்னல் திடீரெனக் கொன்றுவிடாமல் இருக்க 2ஐப் பரிந்துரைக்கிறது. ரெடிஸ் 1ஐக் கேட்கிறது. ரெடிஸ் தன் முழுத் தரவையும் நினைவகத்தில் வைத்திருக்கும். அதை வட்டில் பதிய ஃபோர்க் செய்யும். கண்டிப்பான கணக்கில் அந்த நொடியில் அதன் தேவை இரட்டிப்பாகத் தெரியும். உண்மையில் பகிரப்பட்ட பக்கங்களில் சிலவே நகலாகும் என்றாலும் கெர்னல் மறுத்துவிடும், பதிவு நின்றுபோகும். இருவரில் யாரும் தவறு சொல்லவில்லை. கண்டிப்பு செலவை அழிப்பதில்லை, முன்கூட்டியே எல்லாரிடமும் வசூலிக்கிறது: ஒருபோதும் தொடப்படாத வாக்குகளுக்காக இடம் ஒதுங்கிக் கிடக்கும். தாராளம் பின்னால், ஒருவரிடம் மொத்தமாக வசூலிக்கிறது. எது மேல் என்பதைக் கெர்னலுக்குள் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது.

இதுவரை சொன்னதில் செலவு கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு நிரல் செத்தால் பதிவேட்டில் வரி விழும். பக்க அளவு பற்றிய சண்டையில் செலவு இன்னும் நுட்பமாக ஒளிந்திருக்கிறது. 1985இல் வந்த இன்டெல் 80386இன் பக்கம் 4 கிலோபைட். அந்தக் குடும்பத்தின் அடிப்படைப் பக்கம் இன்றும் அதே 4 கிலோபைட்தான். நிரல் காணும் மெய்நிகர் முகவரியை மெய்யான முகவரியாக மாற்ற, நான்கு அடுக்கு அட்டவணைகளில் நான்குமுறை நினைவகத்தைத் தொடவேண்டும். மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடினால் இரு தொகுதி அட்டவணைகளும் பின்னிக்கொண்டு அது 24 வரை போகலாம். ஒவ்வொரு முறையும் இதைச் செய்தால் கணினி நகராது. எனவே ப்ராசஸர் அண்மையில் செய்த மாற்றங்களை டிஎல்பி என்ற சின்னஞ்சிறு பட்டியலில் வைத்துக்கொள்கிறது. 2015இல் வந்த ஸ்கைலேக் ப்ராசஸரில் அதன் இரண்டாம் நிலைக்கு 1,536 பதிவுகள். 4 கிலோபைட் பக்கங்களால் பெருக்கினால் 6 மெகாபைட். நூற்றுக்கணக்கான கிகாபைட் நினைவகம் உள்ள சர்வரில், தடங்கலில்லாமல் எட்டக்கூடிய பரப்பு அவ்வளவுதான். பக்கத்தை 2 மெகாபைட் ஆக்கினால் அதே பட்டியல் 3 கிகாபைட்டை எட்டும். கணக்கைப் பார்த்தால் இதற்கு மேல் விவாதிக்க ஒன்றுமில்லை என்றே தோன்றும்.

2011இல் லினக்ஸ் 2.6.38 பதிப்பில் ஆண்ட்ரியா ஆர்காஞ்செலி எழுதிய வசதி இந்தப் பெரும்பக்கங்களை நிரல்களுக்குத் தெரியாமலேயே, கேட்காமலேயே கொடுக்கத் தொடங்கியது. நிரலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம், வேகம் கூடும் என்பது வாக்குறுதி. பல நிரல்களுக்குக் கூடவும் செய்தது. ஆனால் 2 மெகாபைட் பக்கம் என்றால் 512 சிறுபக்கங்கள் இடைவெளியின்றி அடுத்தடுத்துக் காலியாக இருக்கவேண்டும். நெடுநேரம் ஓடிய இயந்திரத்தில் அப்படி இருக்காது. காலியிடம் சிதறிக் கிடக்கும். சேர்த்தெடுக்கக் கெர்னல் மற்றவர்களின் பக்கங்களை நகர்த்தி அடுக்கவேண்டும். அந்த அடுக்கும் வேலை, ஒரு பைட் எழுதப்போன ஏதோ ஒரு நிரலின் பக்கத் தடுமாற்றத்துக்கு நடுவே நடந்தது. 4 கிலோபைட்டைச் சுழியமாக்கவேண்டிய இடத்தில் 512 மடங்கு சுழியமாக்கவேண்டியிருந்தது. சராசரி வேகம் உயர்ந்தது, ஆனால் எப்போதாவது ஒரு கோரிக்கை மட்டும் காரணமே தெரியாமல் நெடுநேரம் நின்றது. இணைய சேவைகளில் பயனர் உணர்வது அந்த எப்போதாவதைத்தான். ரெடிஸுக்கு இன்னொரு தொல்லை: ஃபோர்க் செய்தபின் ஒரு சிறு எழுத்துக்காக 2 மெகாபைட் முழுதும் நகலானது; 2020இல் வந்த 5.8 பதிப்பில்தான் கெர்னலின் இந்த நடத்தை மாறியது. தரவுத்தளக் கையேடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக 'இதை அணைத்துவிடுங்கள்' என்ற வரி ஏறியது. 2016இல் 4.6 பதிப்பில் மெல் கோர்மன் இயல்புநிலையையே மாற்றினார்: வெளிப்படையாகக் கேட்ட நிரலுக்கு மட்டுமே காத்திருந்து அடுக்கும் வேலை; மற்றவர்களுக்குக் கிடைத்தால் பெரும்பக்கம், கிடைக்காவிட்டால் சிறுபக்கம்.

இதை வைத்து 'பெரும்பக்கம் தோற்றுவிட்டது' என்று முடிவுகட்டினால் அடுத்த சான்று இடிக்கும். பெரும்பக்கங்களை அணைக்கச் சொல்லி வந்த மோங்கோடிபி தரவுத்தளம், 2024இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து அவற்றை இயக்கச் சொல்கிறது. கெர்னல் தலைகீழாக மாறியதால் அல்ல, தன்னுடைய உள் நினைவகப் பங்கீட்டாளரை அது மாற்றிக்கொண்டதால்: புதிய பங்கீட்டாளர் பொருள்களைப் பெரும்பக்கங்களில் நெருக்கமாக அடுக்கத் தெரிந்தது. ரெட் ஹாட் நிறுவனம் ஏஆர்எம் கணினிகளுக்கான தன் லினக்ஸின் 8ஆம் பதிப்பில் 64 கிலோபைட் பக்கத்தை இயல்பாக வைத்தது, 9ஆம் பதிப்பில் 4 கிலோபைட்டுக்குத் திரும்பியது. ஒரு கிலோபைட் கோப்பை வாசித்தாலும் 64 கிலோபைட் இடம் போகும் என்பது சிறிய இயந்திரங்களில் சிறிய விஷயமில்லை. கூகுள் எதிர்த்திசையில் நகர்ந்தது: ஆண்ட்ராய்டு 15இல் 16 கிலோபைட் பக்கத்துக்கு ஆதரவு தந்து, நினைவக நெருக்கடியில் செயலிகள் திறக்கும் நேரம் சராசரியாக 3.16 சதவீதமும், திறக்கும்போது ஆகும் மின்செலவு 4.56 சதவீதமும் குறைந்ததாக அறிவித்தது. அந்த 3.16ஐப் பார்த்து இவ்வளவுதானா என்று எண்ணத் தோன்றும். அதே அறிவிப்பில், சில செயலிகளுக்கு முன்னேற்றம் 30 சதவீதம்வரை என்றும், நினைவகப் பயன்பாடு சற்றே கூடும் என்றும் இருக்கிறது. மூன்றையும் சேர்த்து வாசித்தால்தான் பொருள் விளங்குகிறது: பலருக்குச் சிறிதும் சிலருக்குப் பெரிதுமாக ஆதாயம், எல்லாருக்கும் சற்றே இடச்செலவு.

பக்கத்தைச் சிறியதாக வைத்திருப்பதற்கும் நிரந்தர வாடகை உண்டு என்பதை இங்கே சொல்லிவிட்டு நகர்கிறேன். ஒவ்வொரு 4 கிலோபைட் பக்கத்துக்கும் லினக்ஸ் 64 பைட் குறிப்பேடு வைத்திருக்கிறது. ஒரு டெராபைட் நினைவகத்துக்கு அது 16 கிகாபைட். எந்த நிரலும் ஓடாதபோதும் கொடுத்தாகவேண்டியது. மேத்யூ வில்காக்ஸ் முன்னின்று 5.16 பதிப்பிலிருந்து கொண்டுவரும் 'ஃபோலியோ' மாற்றங்களின் நோக்கங்களுள் ஒன்று, பக்கங்களைத் தொகுதியாகக் கையாண்டு இத்தகைய செலவுகளைக் குறைப்பது.

அடுத்து, நினைவகம் குறையும்போது எதை வெளியேற்றுவது என்ற பெலாடியின் பழைய கேள்வி. அண்மையில் தொடாததை வெளியேற்று என்பது நல்ல விதி. ஆனால் எது எப்போது தொடப்பட்டது என்று கெர்னலுக்கு யார் சொல்வது? வன்பொருள் தருவது பக்கத்துக்கு ஒரே ஒரு பிட்: தொட்டாயிற்று, இல்லை. எப்போது என்பது இல்லை. 1979இல் பெர்க்லியில் பாபவோலுவும் பில் ஜாயும் யூனிக்ஸுக்குப் பக்க முறை எழுதியபோது, வாக்ஸ் இயந்திரத்தில் அந்த ஒரு பிட்டும் கிடையாது. பக்கங்களை வேண்டுமென்றே செல்லாததாக்கி, தடுமாற்றம் வருகிறதா என்று பார்த்துக் கண்டுபிடித்தார்கள். அறிந்துகொள்வதற்கே செலவு. இன்றும் அந்தப் பிட்களைத் தேடி அட்டவணைகளை அலசுவது ப்ராசஸர் நேரத்தை உண்ணும். அடிக்கடி அலசினால் கணிப்பு கூர்மை, வேலைக்கு நேரம் குறைவு. இங்கே ஒரு பரவலான தவறான பழக்கத்தைச் சொல்லாமல் போகமுடியவில்லை. நினைவகப் பக்கங்களை வெளியேற்றி வைக்க வட்டில் ஒதுக்கும் இடமான ஸ்வாப் என்றாலே மந்தம் என்று நம்பி, அதை முற்றாக அணைத்துவிடும் நிர்வாகிகள் ஏராளம். ஸ்வாப் இல்லாவிட்டால், எழுதப்பட்டுவிட்டுப் பல மணிநேரம் தொடப்படாத தரவுப் பக்கங்களை வெளியேற்றக் கெர்னலுக்கு இடமில்லை. நெருக்கடியில் அது வெளியேற்றக்கூடியது கோப்புப் பக்கங்களைத்தான்; ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் கட்டளைகளே கோப்புப் பக்கங்கள்தான். வெளியேற்றிய கட்டளையை அடுத்த நொடியே வட்டிலிருந்து திரும்ப வாசிக்கவேண்டிவரும். ஸ்வாப் இல்லாமலேயே டென்னிங் சொன்ன சரிவு வந்துசேரும்.

2022 டிசம்பரில் 6.1 பதிப்பில் சேர்ந்த பல்தலைமுறைப் பட்டியல் முறை, என் வாதத்துக்கு எதிராக வைக்கத்தக்க மிக வலுவான சான்று. கூகுளில் யூ ஜாவ் எழுதியது. பக்கங்களை 'புழக்கத்தில் உள்ளவை, இல்லாதவை' என்று இரண்டாகப் பிரிக்காமல் வயதுவாரியாகப் பல தலைமுறைகளாக வைத்து, அட்டவணைகளைப் புத்திசாலித்தனமாக அலசுகிறது. ஆண்ட்ராய்டு, குரோம்ஓஎஸ் கருவிகளில் பக்கங்களை மீட்கும் கெர்னல் பணியின் ப்ராசஸர் செலவு 40 சதவீதமும், நினைவகக் குறைவால் கொல்லப்படும் செயலிகள் 75ஆம் சதமானத்தில் 85 சதவீதமும் குறைந்ததாக அவர் அறிவித்தார். இது வெறும் இடமாற்றம் இல்லை, உண்மையான ஆதாயம். ஆகவே என் வாதத்தை மிகைப்படுத்தாமல் சொல்கிறேன்: நல்ல கணிப்பு செலவைக் குறைக்கும், மீந்த செலவு யாருக்கு என்ற கேள்வியைக் குறைக்காது. அதே முறையில் நிர்வாகிக்கென்று ஒரு திருகு இருக்கிறது. கடைசி இத்தனை மில்லிநொடிகளில் புழங்கிய பக்கங்களை எக்காரணம் கொண்டும் வெளியேற்றாதே என்று அதில் எழுதலாம். காப்பாற்ற முடியாவிட்டால் கெர்னல் ஓஓஎம் கில்லரை அழைக்கும். எல்லாரும் சேர்ந்து ஊர்வதா, ஒருவரை அனுப்பிவிட்டு மற்றவர்கள் நிமிர்வதா என்பதை மில்லிநொடிக் கணக்கில் எழுதச் சொல்லும் திருகு அது. எவ்வளவு கூர்மையான நெறிமுறையை எழுதினாலும் அந்த எண்ணை மனிதரிடமே கேட்கவேண்டியிருந்தது.

பாதுகாப்பு தொடர்பான ஒரு கணக்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு தள்ளிப்போய்க் கிடந்தது. ஒவ்வொரு நிரலின் முகவரிப் பரப்பிலும் கெர்னலின் பகுதியையும் சேர்த்தே வைத்தால், நிரலிலிருந்து கெர்னலுக்குள் நுழையும்போது அட்டவணை மாற்றவேண்டாம், டிஎல்பியை வெறுமையாக்க வேண்டாம். நிரல் அந்தப் பகுதியைத் தொடாமல் ப்ராசஸர் காவல் காக்கும். இன்டெல் ப்ராசஸர்கள் அந்தக் காவலின் முடிவு வருமுன்பே அடுத்த கட்டளைகளை ஊகமாக ஓட்டிப்பார்த்தன. அதன் தடயத்திலிருந்து கெர்னல் தரவைப் படித்துவிடலாம் என்பது 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற பெயரில் வெளியானது. தீர்வாக லினக்ஸ் இரண்டு அட்டவணைகளைப் பிரித்து வைத்தது. கெர்னலுக்குள் அடிக்கடி போய்வரும் தரவுத்தளங்களும் வலைச் சேவைகளும் கணிசமாக இழந்தன. உள்ளுக்குள்ளேயே கணக்குப் போடும் அறிவியல் நிரல் எதையும் உணரவில்லை. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து ஒரு சதவீதம் சொன்னால் அது யாருடைய அனுபவமும் ஆகாது. கெர்னல் தனக்கென ஒதுக்கும் நினைவகத்தையும் ஒதுக்கும்போதே சுழியமாக்கும் பாதுகாப்பு அமைப்பு 2019இல் வந்தது. கெர்னலின் சொந்த விளக்கக் குறிப்பே 'பெரும்பாலானவற்றுக்கு 1 சதவீதத்துக்குக் கீழ், சில செயற்கைச் சோதனைகளில் 7 வரை' என்ற பொருளில் இரண்டு எண்களாகச் சொல்கிறது. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி மறுப்புகள். முதலாவது, நினைவகம் மலிவு, வாங்கிப் போட்டுவிட்டால் இந்தச் சண்டைகள் எதற்கு என்பது. மேலே சொன்ன சான்றுகளே இதற்கு விடை. நினைவகம் கூடியபோது டிஎல்பி அதே விகிதத்தில் கூடவில்லை. குறிப்பேட்டு வாடகை கூடியது. ஃபோர்க் செய்யும்போது நகலெடுக்கவேண்டிய அட்டவணைகள் பெருத்தன. மேகக் கணிமை நிறுவனங்களில் நினைவகம் பெருஞ்செலவு. இல்லாவிட்டால் மெட்டா, தன் சர்வர்களில் குளிர்ந்துபோன பக்கங்களைச் சுருக்கிய வடிவத்துக்கும் எஸ்எஸ்டிக்கும் தள்ளும் அமைப்பைக் கட்டி, ஒரு சர்வருக்கு 20 முதல் 32 சதவீதம் நினைவகம் மிச்சமானது என்று 2022இல் கட்டுரை எழுதியிருக்காது.

இரண்டாவது மறுப்புக்கு எடை அதிகம். நிரலுக்கே தன் தேவை தெரியும், கெர்னல் ஒதுங்கிக்கொள்ளட்டும். 1981இலேயே மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தரவுத்தளங்களின் சார்பில் இதைச் சொன்னார்: எந்தப் பக்கம் அடுத்துத் தேவை என்று தரவுத்தளத்துக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கும்போது, இயங்குதளம் ஊகித்துக் கெடுக்கிறது. 2022இல் ஆய்வாளர்கள் கிராட்டி, லைஸ், பாவ்லோ மூவரும், கோப்புகளை முகவரிப் பரப்பில் பொருத்தி வெளியேற்றத்தைக் கெர்னலிடம் விடும் தரவுத்தளங்கள் விரைவான எஸ்எஸ்டிகளில் படும் பாட்டை அளந்து, அதே வாதத்தைப் புதுப்பித்தார்கள். ஒரு முழு இயந்திரத்தையும் ஒரே தரவுத்தளம் ஆளும் இடத்தில் இந்த மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். அங்கே செலவும் ஆதாயமும் ஒரே கையில் இருக்கின்றன. கெர்னல் நடுவராக நிற்கத் தேவையில்லை. ஆனால் ஒரே இயந்திரத்தில் நாற்பது நிரல்கள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் தன் தேவை மட்டுமே தெரியும். அண்டை நிரலின் தேவை தெரியாது. 'என் பக்கங்களைத் தொடாதே' என்று சொல்லும் வசதி இலவசமாக இருந்தால் எல்லாருமே அதைச் சொல்வார்கள். பக்கங்களைப் பூட்டிவைக்கும் உரிமைக்கு யூனிக்ஸ் குடும்பம் வரம்பு வைத்திருப்பது அதனால்தான்.

மூன்றாவது, இன்றைய நாளில் தவிர்க்கமுடியாதது: கெர்னலுக்குக் கற்கச் சொல்லிக்கொடுத்தால் போதாதா, எந்திரக் கற்றல் பெலாடியின் எல்லையை நெருங்கிவிடாதா? நெருங்கட்டும். முழுதாகவே எட்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். எந்த நிரல் எந்தப் பக்கத்தை எந்த நொடியில் தொடும் என்பது கெர்னலுக்கு முன்கூட்டியே தெரியும். இரண்டு நிரல்களுக்கும் அடுத்த நொடியில் பக்கம் தேவை, இருப்பது ஒன்றுக்குத்தான் என்று அது துல்லியமாகக் கணித்தும் விட்டது. இப்போது என்ன செய்வது? மொத்தத் தடுமாற்றங்களைக் குறை என்பதே பெலாடியின் விடை. ஆனால் ஒரு தடுமாற்றம் இதய நோயாளியின் கண்காணிப்புத் திரையிலும் இன்னொன்று இரவில் ஓடும் கணக்கறிக்கையிலும் நிகழ்ந்தால் இரண்டும் ஒன்றென எண்ணுவதை யாரும் ஏற்கமாட்டார்கள். முன்னுரிமை எந்தத் தரவிலும் புதைந்து கிடப்பதில்லை, எவ்வளவு தோண்டினாலும் கிடைக்காது. யாராவது எழுதிவைக்கவேண்டும்.

அண்மைக்காலத்தில் லினக்ஸ் எடுத்த திசை இதை உணர்ந்ததாகவே எனக்குப் படுகிறது. 2018இல் 4.20 பதிப்பில் யோஹானஸ் வைனர் சேர்த்த 'அழுத்தக் கணக்கு', எவ்வளவு நினைவகம் காலி என்று சொல்வதில்லை. நினைவகத்துக்காகக் காத்து எந்தக் குழுவின் பணிகள் எவ்வளவு நேரம் நின்றன என்று சொல்கிறது. விடுபட்ட இரண்டு கலங்களும், எப்போது, யார் என்பவை, அளவுகோலுக்குள்ளேயே வந்தன. ஆண்ட்ராய்டு இப்போது அந்த அளவைக் கவனித்து, ஓஓஎம் கில்லர் எழுமுன்பே கெர்னலுக்கு வெளியே ஓடும் ஒரு பணியின் வழியாகச் செயலிகளை மூடுகிறது. எதை முதலில் மூடுவது என்பதற்கு ஒவ்வொரு செயலிக்கும் ஓர் எண்: திரையில் இருப்பதற்கு 0, பின்னணியில் பாட்டு ஒலிக்கும் செயலி போலப் பயனர் உணரக்கூடியவற்றுக்கு 200, பயன்படுத்திவிட்டு மறந்த செயலிகளுக்கு 900உம் அதற்கு மேலும். பாடிக்கொண்டிருக்கும் பாட்டு பாதியில் நிற்பதைவிட, பின்னால் கிடக்கும் செயலி மீண்டும் முதலிலிருந்து திறப்பது மேல் என்று முடிவெடுத்து இந்த எண்களை எழுதியவர்கள் மனிதர்கள். முடிவு சரியா தவறா என்று விவாதிக்கலாம். விவாதிக்க முடிகிற இடத்தில், படிக்க முடிகிற எண்ணாக அது இருக்கிறது.